சிவக்காத மஞ்சள்

கழுவிக் கழுவிக் கிருஷ்ணப்பனுக்குச் சலித்துப்போயிற்று. வெல்லம் காய்ச்சும் கொப்பரையில் கால் வெந்துபோன ஒருவருக்குப் போட்டிருந்த பழைய கட்டுத்துணிகளை அலசிக் காயப்போடும்படி அக்கா சொல்லியிருந்தார். துணிகள் இரண்டே அலசலில் வெளுத்துவிட்டன. அவன் விரல்கள் மட்டும் பூவரசம்பூ மாதிரி மஞ்சளாகவே நின்றன.

"அக்கா, துணியில இருந்த மருந்தெல்லாம் என் கையில ஏறிடுச்சு. சோப்புக்கும் அசையல."

"அசையாது. தோல் உரியற வரைக்கும் இருக்கும். குச்சியால கிளறுன்னு எத்தனை தடவை சொன்னேன்?" என்றார் டாக்டர் சரோஜம்மாள், பஞ்சைச் சுருட்டியபடியே.

போச்சம்பள்ளியில் வைத்தியசாலை வைப்பதற்கு முன் சரோஜம்மாள் யுத்தகாலம் முழுவதும் ராணுவ ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்தவர். அதிகம் பேசமாட்டார். சந்தையில் காணாமற்போன இரண்டு எருமைகளை, வழியில் கிடந்த சாணத்தைப் பார்த்தே கண்டுபிடித்துக் கொடுத்ததிலிருந்து, நோயில்லாதவர்களும் அவரைத் தேடி வர ஆரம்பித்திருந்தார்கள். தம்பி கிருஷ்ணப்பன் பஸ் கம்பெனியில் டிக்கெட் எழுதுபவன். வேலை இல்லாத நேரமெல்லாம் மொழிபெயர்ப்பு நாவல்கள்தான். பனி பெய்யும் தெருக்களும், குதிரை வண்டிகளில் வந்து இறங்கும் மர்ம மனிதர்களும் அவனுக்குப் போச்சம்பள்ளியைவிட நன்றாகத் தெரிந்த இடங்கள்.

அன்று காலை வந்து இறங்கியவள் மர்ம மனிதர் அல்ல. முனிலட்சுமி. ஓடி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"அம்மாவ், என் வூட்டுக்காரரப் புடிச்சுக்கினு போய்ட்டாங்க! சாவடித் தூண்ல கட்டிப் போட்டிருக்காங்க. நாளைக்குக் கிருஷ்ணகிரி கோர்ட்டுக்குக் கூட்டிக்கினு போவாங்களாம்."

அவள் புருஷன் ஆஞ்சப்பன், கிணறு தோண்டும் இடங்களில் பாறைக்கு வெடி வைப்பவன். அதற்கு லைசென்சு வைத்திருப்பவன் அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவன் ஒருவன்தான். வேலைக்காக வேறு ஊரிலிருந்து வந்து, புளியங்கொட்டாய்க்கு வெளியே குடிசை போட்டிருந்தான்.

"என்ன செஞ்சானாம்?"

"நாராயணப்பக் கவுண்டரு கெணறு நேத்து வெடிச்சுப் போச்சுங்க. புதுசா ஆயில் எஞ்சின் வச்சாரில்ல, அது அப்படியே உள்ள வுழுந்துடுச்சு. வெடின்னா ஆஞ்சப்பன்தானேன்னு புடிச்சுட்டாங்க. நேத்துப் பூரா அவரு தலைவலின்னு குடிசையிலதான் படுத்திருந்தாருங்க. நான் சொன்னா யாரு நம்பறாங்க? பொண்டாட்டி வேற என்ன சொல்லுவான்னு சிரிக்கறாங்க."

"அவனுக்கும் கவுண்டருக்கும் ஏதாவது வாய்ச்சண்டை?"

முனிலட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள். "போன வாரம் எஞ்சின் மேடைகிட்ட செருப்புப் போட்டுக்கினு நின்னதுக்குத் திட்டுனாரு. இவரும் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லிட்டாருங்க."

கிருஷ்ணப்பன் ஏற்கெனவே சட்டையை மாட்டிக்கொண்டிருந்தான்.

*

புளியங்கொட்டாய், பாரூர் ஏரித் தண்ணீர் எட்டாத மேட்டு ஊர். பஸ் நிற்கும் புளியமரத்தடியிலிருந்து மாட்டு வண்டியில்தான் போகவேண்டும். வண்டிக்காரருடைய வேட்டி, துண்டு, கை, காது எல்லாமே மஞ்சள்.

"நேத்து மாரியம்மன் திருவிழாங்க, மஞ்சத்தண்ணி. மச்சினிச்சிங்க வுடுவாளுங்களா? அண்டா அண்டாவா ஊத்திட்டாளுங்க. ஊர்ல ஒரு ஆம்பள பாக்கி கெடையாது," என்று அவர் பெருமையாகச் சொன்னார். கிருஷ்ணப்பனின் கையைப் பார்த்துக் கண்ணடித்தார். "தம்பிக்கும் எங்கியோ மச்சினிச்சி இருக்குது போல!"

அவர் நீட்டிய வெற்றிலையைக் கிருஷ்ணப்பன் வாங்கிக்கொண்டான். இருவரும் சுண்ணாம்பை விரலால் தொட்டுத் தடவி மென்றார்கள். வண்டிக்காரரின் ஆள்காட்டி விரல் நுனி ஆரத்தித் தண்ணீரில் நனைத்ததுபோலச் சிவந்தது. சரோஜம்மாள் அவருடைய விரலையும் தம்பியுடைய விரலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"அக்கா, காலடித் தடம் இருக்கும். சுருட்டுச் சாம்பல் இருந்தாலும் இருக்கும்," என்றான் கிருஷ்ணப்பன்.

"ஊரே வந்து வேடிக்கை பார்த்திருக்கும். தடம் நிறைய இருக்கும், கவலைப்படாதே."

அப்படியே இருந்தது. கிணற்றின் மேற்குச் சுவர் சரிந்து, எஞ்சின் தலைகீழாகத் தண்ணீரில் கிடந்தது. சப்-இன்ஸ்பெக்டர் கட்டிலில் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சரோஜம்மாளைத் தெரியும். எழுந்து நின்றார், ஆனால் முகம் கொடுக்கவில்லை.

"இதுல உங்களுக்கு வேலை இல்லைங்க டாக்டரம்மா. திருவிழா அதிர்வேட்டு போடற நேரமாப் பார்த்து வெடிச்சிருக்கான். சத்தத்தோட சத்தமாப் போயிடும்னு கணக்கு. அந்தப் புத்தி வெடிக்காரனுக்குத்தான் வரும்."

சரோஜம்மாள் சரிந்த பாறைகளைக் குனிந்து பார்த்தார். உடைந்த பக்கங்களில் அங்கங்கே மஞ்சள் தெறித்திருந்தது.

"மஞ்சத்தண்ணி ஊத்திக்கினு இந்தப் பக்கம்லாம் ஓடியிருப்பாங்க," என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

கிருஷ்ணப்பன் அதற்குள் படியிறங்கித் தண்ணீரைக் கையில் அள்ளி நாக்கில் வைத்துவிட்டான். முகம் கோணிப்போயிற்று.

"துப்பு! துப்புடா!" சரோஜம்மாள் அன்றைக்கு முதல் தடவையாகக் குரலை உயர்த்தினார். "எதைக் கண்டாலும் நக்கிப் பாக்கறது!"

"வேப்பெண்ணெயைவிடக் கசக்குது, அக்கா!"

"காலையிலேர்ந்து மாடுங்ககூட வாய் வைக்க மாட்டேங்குது," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். கிணற்றுக்குச் சொந்தக்காரர் நாராயணப்பன். ராத்திரி தூங்காத கண்கள். அவருக்குப் பின்னால் தம்பி கோவிந்தப்பன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். எஞ்சின் வேண்டாம், மாடு பூட்டி இறைக்கும் கவலை ஏற்றமே போதும் என்று அண்ணனோடு பொங்கலிலிருந்து பேசாமல் இருந்தவன். இரண்டு பேரின் கைகளும் வேட்டிகளும் மஞ்சள்.

"நான் சொன்னப்பவே கேட்டிருந்தா இது நடந்திருக்குமா?" என்றான் கோவிந்தப்பன், யாரையும் பார்க்காமல்.

"பாத்தீங்களா? சந்தோஷம் தாங்கல இவனுக்கு," என்றார் அண்ணன்.

"சந்தோஷந்தான். அதுக்காக நான் வெடி வச்சேனா? சொல்லு, சொல்லித்தான் பாரு!"

அடுத்த கொல்லையிலிருந்து வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் வேகமாக வந்து இரண்டு பேருக்கும் நடுவில் நின்றார். ராஜப்பன். அவருடைய கரும்பு வேலிக்கு அந்தப் பக்கம் பாதி காய்ந்து நின்றது.

"அண்ணன் தம்பிக்குள்ள என்னப்பா இது? வெடி வச்சவன் புடிபட்டுட்டான், வுடுங்க." அவர் சரோஜம்மாளைப் பார்த்துக் கும்பிட்டார். மஞ்சள் கைகள். "பாவம்மா அந்த ஆஞ்சப்பன். நேத்து ராத்திரி சாப்பாடுகூட நான்தான் குடுத்தனுப்பினேன். என் கெணத்துலயும் வேலை செஞ்சவன். என்ன வேகமோ, செஞ்சுட்டான்."

சரோஜம்மாள் நன்றி சொல்லிவிட்டு வேலியோரம் நின்ற அவருடைய வண்டி மாடுகளைப் பார்த்தார். மாடுகளின் கழுத்தில் கம்பளி நூலில் பின்னிய பட்டைகள், வெயிலில் கண்ணைப் பறிக்கும் மஞ்சள்.

"அழகா இருக்கு. புதுசா?"

"நாலு வருஷம் ஆச்சுங்க. எங்க வூட்டுக்காரி போட்டது. அவ கை அப்படி."

*

சாவடித் தூணில் கட்டியிருந்த ஆஞ்சப்பன் சரோஜம்மாளைக் கண்டதும் எழ முயன்றான். கயிறு இழுத்தது. சரோஜம்மாள் அவனுடைய கைகளைத் திருப்பிப் பார்த்தார். காய்ப்பு இருந்தது, கீறல்கள் இருந்தன. மஞ்சள் இல்லை.

"என் மேல யாரும்மா மஞ்சத்தண்ணி ஊத்துவாங்க? இந்த ஊர்ல எனக்கு ஏது முறை?" என்றான் அவன்.

"தலைவலின்னு சொன்னாளே உன் பொண்டாட்டி?"

"பாறைக்கு வைக்கிற வெடித் தோட்டா தொட்ட கைங்க. தொட்டாலே அன்னிக்குப் பூரா மண்டை இடிக்கும். எங்காளுங்க எல்லாருக்கும் உண்டு."

"உன் தோட்டா வெடிச்சா கல்லுல மஞ்சளா ஏதாவது ஒட்டுமா? தண்ணி கசக்குமா?"

"இல்லீங்களே. புகை நாத்தம் வரும், அவ்வளவுதான்."

"உன்கிட்டேர்ந்து ஏதாவது தொலைஞ்சுதா?"

ஆஞ்சப்பன் சாவடி வாசலில் நின்ற போலீஸ்காரரைப் பார்த்தான். குரல் தாழ்ந்தது. "தோட்டாவைக் கிளப்பற கேப்பு ஒண்ணும் கொஞ்சம் திரியும் காணோங்க. சொன்னா லைசென்ஸைப் புடுங்கிடுவாங்கன்னு வாயைத் தொறக்கல."

"கடைசியா எங்கெல்லாம் வேலை செஞ்சே?"

"நாராயணப்பக் கவுண்டரு, அவரு தம்பி, ராஜண்ணா. மூணு பேரு கெணத்துலயும் மாறி மாறித்தாங்க."

வெளியே வந்ததும் கிருஷ்ணப்பனால் பொறுக்க முடியவில்லை. "தம்பிக்காரன்தான், அக்கா! கேப்பு எடுக்க வசதி, எஞ்சின் மேல ஆத்திரம். அவன் கையைப் பாத்தீங்களா, எவ்வளவு மஞ்சள்!"

"உன் கையைவிடவா?"

அவன் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டான். பிறகு மெல்ல நிமிர்ந்தான். "அக்கா, கட்டுத்துணி மருந்தும் மஞ்சள். அதுவும் கசக்கும்னு நீங்களே ஒருநாள்..."

"சத்தமாப் பேசாதே. ஊர்ல எல்லார் கையும் மஞ்சளா இருக்கற ஒரே நாள் இது. மத்தவங்க மஞ்சள் போயிட்டா அவன் கையை மறைச்சுப்பான். அதுக்குள்ள முடிச்சாகணும்."

*

சாயங்காலம் மாரியம்மன் கோயில் பந்தலில் ஊர் கூடியது. டாக்டரம்மா இரண்டு வார்த்தை பேசவேண்டும் என்றதற்குச் சப்-இன்ஸ்பெக்டர் அரைமனதாகச் சம்மதித்திருந்தார். ஆஞ்சப்பனையும் கூட்டிவந்து ஓரமாக உட்கார வைத்திருந்தார்கள். முனிலட்சுமி அவனைத் தொடுகிற தூரத்தில் நின்றாள். கூட்டத்தில் யாரும் யாருடைய முகத்தையும் நேராகப் பார்க்கவில்லை. இன்னொருவன் பார்க்காதபோது பார்த்தார்கள்.

"முதல்ல தாம்பூலம் எடுத்துக்குங்க," என்றார் சரோஜம்மாள். "கோயில்ல வெறும் வாயோட பேசக்கூடாது."

கிருஷ்ணப்பன் தட்டைக் கொண்டுபோனான். நாராயணப்பன் எடுத்துச் சுண்ணாம்பு தடவினார். கோவிந்தப்பன் எடுத்தான். ராஜப்பன் வேண்டிய மட்டும் சுண்ணாம்பெடுத்து, காம்பைக் கிள்ளி, நிதானமாகத் தடவி மடித்தார். சப்-இன்ஸ்பெக்டரும் ஒன்று போட்டுக்கொண்டார்.

"இப்ப எல்லாரும் சுண்ணாம்பு தொட்ட விரலைக் காட்டுங்க."

சிரிப்பொலி எழுந்தது. விரல்கள் நீண்டன. நாராயணப்பன் விரல் சிவப்பு. கோவிந்தப்பன் விரல் சிவப்பு. வண்டிக்காரர் தன் விரலைக் காலையிலிருந்தே சிவப்பாகத்தான் வைத்திருந்தார்.

"மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தா சிவக்கும். தினம் ஆரத்தி கரைக்கிற கைங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. சிவக்காத மஞ்சள் ரெண்டு பேருக்குத்தான். ஒண்ணு என் தம்பி. அவன் கையில இருக்கறது தீப்புண்ணுக்குப் போடற மருந்து. இன்னொண்ணு..."

ராஜப்பன் கையை இறக்கவில்லை. இறக்கினால் தவறாகிவிடும் என்று யோசித்தவர்போல அப்படியே வைத்திருந்தார். விரல் நுனியில் வெள்ளைச் சுண்ணாம்பு; அதைச் சுற்றிப் பளீரென்ற மஞ்சள்.

"கொஞ்சமாத் தொட்டேன், அதான்," என்றார்.

"இன்னும் தொடுங்க."

அவர் தொடவில்லை. "என்னம்மா விளையாட்டு இது? எனக்கும் மச்சினிச்சிங்க ஊத்துனாங்க. ஊருக்கே தெரியும்."

"ஊத்தின வேட்டி எங்கே?"

"மாத்திட்டேன்."

பெண்கள் பக்கமிருந்து ராஜப்பனின் மனைவி பூவம்மாள் எழுந்தாள். புருஷனைக் காப்பாற்றுகிறோம் என்றே நினைத்திருப்பாள். "மாத்தலீங்க, அதே வேட்டிதான். மஞ்சளா இருந்துச்சு, காலையில நான்தான் துவைச்சேன். ரெண்டே அலசு, பளிச்சுன்னு ஆயிடுச்சு. ஊர்லயே எங்க வூட்டு வேட்டிதான் வெள்ளை!"

அங்கிருந்த ஒவ்வொரு பெண்ணும் அன்று காலை வேட்டி துவைத்தவள். கல்லில் அடித்தும் சாம்பல் போட்டும் போகாத மஞ்சளோடு அல்லாடியவள். ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்தாள்.

"மஞ்சத்தண்ணி பட்ட வேட்டியா?" என்றாள் ரங்கம்மா என்பவள், மெதுவாக. "எங்கனா வெளுக்குமா அது?"

"வெளுக்காது," என்றார் சரோஜம்மாள். "நான் சொல்ற மஞ்சள் வேற. அது பருத்தியில நிக்காது. பட்டு, கம்பளி, மனுசத் தோல், இதுங்கள்ல மட்டும்தான் ஏறும். ஏறினா இறங்காது. மஞ்சள்ல நனைச்ச நூல் நாலு வெயிலுக்குள்ள வெளுத்துடும்; ராஜப்பன் வண்டி மாட்டுக் கழுத்துப்பட்டை நாலு வருஷமாப் பளபளக்குது."

சப்-இன்ஸ்பெக்டர் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தியிருந்தார். "என்ன சாமான் அது?"

"பிக்ரிக் அமிலம்னு பேரு. முதல்ல அவுரியிலிருந்துதான் எடுத்தாங்க. நீலம் தர்ற செடியிலிருந்து மஞ்சள். சீமையில ரொம்பக் காலம் பட்டுக்கும் கம்பளிக்கும் அதுதான் சாயம். டாக்டருங்க தீப்புண்ணுக்குப் போட்டாங்க. அவ்வளவு சாதுவான சாமானுக்குள்ள என்ன இருக்குதுன்னு ரொம்ப நாள் யாருக்கும் தெரியல. அப்புறம் பிரான்சுக்காரங்க அதை உருக்கிப் பீரங்கிக் குண்டுக்குள்ள ஊத்தினாங்க. இங்கிலீஷ்காரங்க தங்களோட ஊர் ஒண்ணுல வெடிச்சுப் பார்த்து, அந்த ஊர் பேரையே வச்சு லிட்டைட்னு கூப்பிட்டாங்க. ஜப்பான்காரங்க ருஷியாவோட கப்பலையெல்லாம் அடிச்சது இதாலதான். ஆனா இரும்போட ஒட்டினா, காய்ஞ்சுபோனா, சும்மா உரசினாலே ஆளைத் தூக்கிடும். அதனால டி.என்.டி. வந்ததும் இதை ஒதுக்கிட்டாங்க. அதுவும் சாயத்துக்குன்னு பொறந்து பட்டாளத்துக்குப் போனதுதான். ஆனாலும் பழைய குண்டுங்க கிடங்குல கிடந்துச்சு. போன யுத்தத்துல நான் பார்த்திருக்கேன். கிடங்குல வேலை செஞ்சவங்க கையெல்லாம் இந்த மஞ்சள்தான்."

"ராஜண்ணா யுத்தத்துல ஓசூர்ப் பக்கம் முகாமுல கூலியாளுங்களுக்கு மேஸ்திரியா இருந்தாரு," என்றான் கோவிந்தப்பன் திடீரென்று. "அங்கேருந்துதான் சாயம் கொண்டாந்தேன்னு சொல்லுவாரு!"

"சாயந்தான்!" என்றார் ராஜப்பன். "சாயமாத்தான் கொண்டாந்தேன். கம்பளி நனைக்கத்தான் வச்சிருந்தேன்."

"அது வெடிக்கும்னு அங்கேயே தெரிஞ்சிருக்கும். அதை எழுப்ப ஒரு கேப்பு வேணும். அதுக்காக ஆஞ்சப்பன் பெட்டியில கை வச்சீங்க. கிணத்துல வெடிச்சது தோட்டா இல்லை. தோட்டா கல்லுல மஞ்சளை ஒட்டாது, தண்ணியைக் கசக்க வைக்காது. கையால அள்ளி அடைச்சீங்க. மஞ்சள் ஒட்டினதைப் பார்த்துப் பயந்திருப்பீங்க. அப்புறம் ஊரைப் பார்த்ததும் பயம் போயிருக்கும்."

ராஜப்பன் உட்கார்ந்துவிட்டார். பிறகு அவர் நாராயணப்பனைப் பார்த்துப் பேசினார், வேறு யாரும் அங்கே இல்லாததுபோல.

"ராத்திரி பகலா எறச்சியேப்பா. உன் எஞ்சின் டப் டப்னு அடிக்கும்போதெல்லாம் என் கெணத்துல ஒரு அடி எறங்கும். படுத்துக்கினு கேட்டுக்கினே இருப்பேன். ரெண்டு தடவை ஆழப்படுத்தினேன், ஊறல. கொஞ்ச நேரம் நிறுத்துடான்னு கேட்டதுக்கு என்ன சொன்ன? நீயும் ஒண்ணு வாங்கிக்கன்னு சொன்ன."

"அதுக்கு ஆஞ்சப்பன் என்ன செஞ்சான்?" என்று கேட்டார் சரோஜம்மாள்.

ராஜப்பன் நிமிர்ந்தார். அந்தக் கேள்வி அவருக்கு உண்மையாகவே புரியவில்லை போலிருந்தது. "அவன் ஊர்க்காரன் இல்லியேம்மா," என்றார்.

முனிலட்சுமியின் காதில் அது விழுந்தது.

"மீதி எங்கே வச்சிருக்கீங்க?" என்றார் சரோஜம்மாள்.

"ஜாடியில," என்றாள் பூவம்மாள். "அடுப்புக்கு மேல பரண்ல இருக்குதுங்க."

பந்தலில் பாதி கூட்டம் எழுந்து நின்றது. சப்-இன்ஸ்பெக்டரின் கை தானாகத் தொப்பியைத் தேடியது. அந்த வீட்டையும் பக்கத்து வீடுகளையும் காலி செய்யச் சொல்லி, அடுப்பை அணைத்தபின் சரோஜம்மாள் தாமே உள்ளே போனார். ஜாடியை அசைக்காமல், ஏணியில் நின்று, அது நிரம்பும்வரை சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றினார். சொம்பை எடுத்து எடுத்துக் கொடுத்தவன் கிருஷ்ணப்பன். அவன் படித்த எந்த நாவலிலும் துப்பறிபவரின் தோழனுக்கு இப்படிப் பல் கிட்டிக்கொண்டதில்லை. வாசலில் காவல் போட்டு, ராணுவத்துக்குத் தந்தி கொடுக்கும்படி சொல்லிவிட்டு இருவரும் வெளியே வந்தார்கள்.

ஆஞ்சப்பனின் கட்டை அவிழ்த்திருந்தார்கள். "போகலாம்ப்பா," என்றார் சப்-இன்ஸ்பெக்டர். கேப்பு தொலைந்ததைப் பற்றி அவர் வாய் திறப்பதற்குள் சரோஜம்மாள் சொன்னார்: "திருடு கொடுத்தவன் அவன். அப்படியே எழுதிக்குங்க." அவர் தலையாட்டினார்.

முனிலட்சுமி புருஷனின் தோளில் துண்டைப் போட்டுவிட்டுக் குடிசைப் பக்கம் நடந்தாள். ஊர் வழிவிட்டது. நாராயணப்பன் நாலெட்டில் அவர்களை முந்திக்கொண்டு வந்து நின்றார்.

"ஆஞ்சப்பா. அந்த எஞ்சினை மேல தூக்கணும்னா முதல்ல பாறையை ஒடைக்கணும். பத்து நாள் தண்ணி இல்லேன்னா என் கரும்பும் போச்சு. காலையில வந்துடு, என்ன?"

ஆஞ்சப்பன் வழக்கம்போல "சரிங்க" என்று சொல்ல வாயெடுத்தான். முனிலட்சுமி அவன் முழங்கையைப் பிடித்தாள்.

"காலையில நீங்க வாங்க கவுண்டரே," என்றாள். "எங்க வூடு ஊருக்கு வெளிய, ஓடைக்கு அந்தாண்ட இருக்குது. வந்து கேளுங்க. அவரு யோசிச்சுச் சொல்லுவாரு."

நாராயணப்பன் அந்தப் பக்கம் ஒருநாளும் போனதில்லை. அவர் தன் தம்பியைப் பார்த்தார், சப்-இன்ஸ்பெக்டரைப் பார்த்தார், உதவிக்கு வருவார் யாருமில்லை.

"எந்த வழியாப் போறது?" என்று கேட்டார்.